மூட்டையை யார் சுமப்பது?

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி, நரிக்குடி வழியாகப் பார்த்திபனூர் போகும் சாலையில் கண்ணுக்குக் குளிர்ச்சியாக எதையும் எதிர்பார்த்துப் போகக் கூடாது. இரு பக்கமும் சீமைக்கருவேலம். அங்கங்கே கரிமூட்டத்துப் புகை. மழை பெய்த வருடமென்றால் கண்மாயில் தண்ணீர் தளும்பும். பெய்யாத வருடத்தில் கண்மாய் என்பது ஒரு கரையும் நாலு பனையும்தான். இதைச் சுற்றுலாப் பாதை என்று எவரும் சொன்னதில்லை. ஆனால் யாத்திரைப் பாதையாக இருந்திருக்கிறது. ராமேசுவரத்துக்கு நடந்து போனவர்கள் இளைப்பாற நரிக்குடியில் ஒரு சத்திரம் உண்டு. அதைக் கட்டியவர்கள் மருது சகோதரர்கள் என்பது ஊர்ப்பேச்சு. அவர்கள் பிறந்த முக்குளமும் பக்கத்தில்தான் இருக்கிறது.

இன்று ராமேசுவரம் போகிறவர்களுக்குச் சத்திரம் தேவைப்படுவதில்லை. விடியற்காலை அருப்புக்கோட்டையில் பைக்கை எடுத்தால் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே தனுஷ்கோடி வந்துவிடும். ஏழெட்டு வண்டியாகக் கிளம்பும் இளைஞர்கள் இதை ‘ரைடு’ என்கிறார்கள். யாத்திரையா என்று கேட்டால் சிரிப்பார்கள். அக்கினி தீர்த்தத்தில் முங்கிவிட்டு, அரிச்சல்முனையில் படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறவனுக்கே தான் எதற்குப் போனோம் என்று பிரித்துச் சொல்ல வராது.

இந்தக் குழுப் பயணத்தைக் கடைச்சரக்காகவே ஆக்கி வைத்திருக்கிறார்கள் ஐரோப்பாவில். இத்தாலி, ஸ்பெயின் பக்கம் பணம் கட்டிப் போய் இறங்கினால் வாடகை மோட்டார் சைக்கிள் தயாராக நிற்கும். முன்னால் வழிகாட்டி போவார், பின்னால் எல்லாரும் வரிசையாகப் போவார்கள். எங்கே காபி, எங்கே மதியச் சாப்பாடு, எந்த மலையில் நின்று பார்ப்பது எல்லாம் முதலிலேயே முடிவானது. பெட்டி படுக்கை ஒரு வேனில் ஏறி, இவர்களுக்கு முன்பே ஓட்டலுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். இத்தாலியில் ஸ்டெல்வியோ என்றொரு கணவாய் இருக்கிறது. 2,757 மீட்டர் உயரம். ஒரு பக்கத்தில் மட்டும் 48 கொண்டையூசி வளைவுகள். ஆஸ்திரியப் பேரரசு 1820களில் போட்ட பாதை அது. அந்த வளைவுகளில் வண்டியைச் சாய்த்து நிமிர்த்துவதைத் தவிரப் பயணிக்கு வேறு வேலை கிடையாது.

பாதையை வகுத்தவன் ஒருவன். முடிவெடுக்கிறவன் இன்னொருவன். மூட்டையைச் சுமப்பது வேன். அப்படியானால் பயணம் செய்தது யார்?

கேலிக்குக் கேட்ட கேள்வி மாதிரிதான் தெரியும். சமயங்கள் இதை வெகுகாலமாகக் கேட்டுக்கொண்டே இருக்கின்றன. ஸ்பெயினின் வடமேற்கில் சாந்தியாகோ தே கொம்போஸ்தெலா என்ற திருத்தலம் இருக்கிறது. அங்கே யாத்திரை முடித்தவர்களுக்குத் தேவாலயம் ஒரு சான்றிதழ் தருகிறது. 2024-ல் ஏறத்தாழ 5 லட்சம் பேர் வாங்கினார்கள். கடைசி 100 கிலோமீட்டரை நடந்தோ குதிரையிலோ வந்திருக்க வேண்டும். சைக்கிள் என்றால் 200. மோட்டார் சைக்கிளில் ஆயிரம் கிலோமீட்டர் வந்தாலும் கிடையாது. வியர்வை சிந்தினால்தான் புண்ணியம் என்பது கணக்கு. அப்படியானால் குதிரைக்கு ஏன் சலுகை? வியர்ப்பது குதிரைக்குத்தானே என்று கேட்கத் தோன்றுகிறது.

அதே கத்தோலிக்கச் சபை இத்தாலியில் வேறு முகம் காட்டுகிறது. அலெஸ்ஸாந்திரியாவுக்குப் பக்கத்தில் காஸ்தெல்லாட்ஸோ பொர்மிதா என்ற சிற்றூர். அங்குள்ள மாதாவை மோட்டார் சைக்கிள்காரர்களின் பாதுகாவலியாகப் போப் 12-ஆம் பயஸ் காலத்தில், 1947-ல் அறிவித்தார்கள். ஆண்டுதோறும் ஜூலையில் அங்கே வண்டிகள் திரளும். மாதாவுக்கு வழங்கும் பெயரிலேயே ‘சென்டார்’ இருக்கிறது. கிரேக்கக் கதையில் இடுப்புக்கு மேலே மனிதன், கீழே குதிரை. மோட்டார் சைக்கிள்காரனை இத்தாலியர்கள் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

நம் பக்கத்தில் வண்டியோடு தெய்வத்துக்குப் பகையே இருந்ததில்லை. புது பைக் வாங்கியவர்கள் மதுரைப் பாண்டி கோயிலுக்கு ஓட்டிப் போய் மாலை போட்டு, எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தில் நசுக்கிவிட்டு வருகிறார்கள். ஊர் எல்லையில் இருக்கும் அய்யனாரே குதிரைக்காரர். ராத்திரியில் பரிவாரத்தோடு எல்லையைச் சுற்றி வருபவர். நம் பக்தி சந்தேகப்படுவது வண்டியை அல்ல, சுகத்தை. சாத்தூர் அருகே இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு ஆடிக் கடைசி வெள்ளியன்று சுற்று வட்டார மக்கள் நடந்து போகிறார்கள். பஸ் இருக்கிறது, வேன் இருக்கிறது, வீட்டு வாசலில் சொந்த வண்டியே நிற்கிறது. நேர்ந்துகொண்டால் நடக்கத்தான் வேண்டும்.

இந்த இடத்தில் சபரிமலைக்குக் கூட்டிப் போகும் குருசாமியைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. ஐரோப்பிய வழிகாட்டிக்கு நம் ஊரில் அசல் இணை அவர்தான். மாலை போடும் நாள், இருமுடி கட்டும் நாள், வேன் கிளம்பும் நேரம், எந்த ஆற்றில் குளியல், எருமேலியிலிருந்து பெரிய பாதையா, பம்பையிலிருந்து சின்னப் பாதையா என்பதெல்லாம் அவர் சொல்வதுதான். வயதில் மூத்தவரும், ஆபீசில் நூறு பேரை அதட்டுகிறவரும் அவர் முன்னால் ‘சரி சாமி’ என்று நிற்பார்கள். 18 முறை மலை ஏறியவர் தென்னங்கன்று நட்டுவிட்டு வருவார். அதற்குப் பிறகு அவர் பேச்சுக்கு மறுபேச்சில்லை. முதல் முறை மலைக்குப் போகும் கன்னிச்சாமிக்கு முடிவெடுக்க ஒன்றுமே மிச்சமில்லை. ஸ்டெல்வியோவில் வரிசையில் போகிறவனுக்கும் அதே நிலைதான்.

ஆனால் ஒரு வேறுபாடு பெரிது. காசு வாங்குகிற வழிகாட்டி சிரமத்தை எடுத்துவிடுகிறார். குருசாமி சிரமத்தைக் கொடுக்கிறார். செருப்பைக் கழற்று, தரையில் படு, பச்சைத் தண்ணீரில் குளி, கோபத்தை அடக்கு. எல்லாவற்றுக்கும் மேலே, மூட்டையை வேனில் போடாதே, தலையில் வை. இருமுடி இல்லாதவர் பதினெட்டாம் படி ஏற முடியாது. முன்முடியில் நெய்த்தேங்காயும் பூசைப் பொருளும். பின்முடியில் வழிக்கான அரிசியும் மற்றதும். அடுத்தவர் தலையில் ஏற்றிவிட முடியாத சுமை அது.

ஆக, சுமந்தால்தான் யாத்திரை என்று முடித்துவிடலாமா? முடிக்கவிடாமல் ஒருவர் குறுக்கே நிற்கிறார். அவர் இந்தச் சாலைக்காரர்.

திருச்சுழியில் வக்கீல் சுந்தரமய்யர் மகனாக 1879 டிசம்பர் 30-ஆம் தேதி, ஆருத்ரா தரிசன இரவில் பிறந்த வேங்கடராமன் என்ற ரமணர், வாழ்நாளில் செய்த பெரிய பயணம் ஒன்றே ஒன்று. 1896 ஆகஸ்டு 29 அன்று மதுரையில் அண்ணனின் காலேஜ் சம்பளத்துக்கென்று கொடுத்த 5 ரூபாயில் 3 ரூபாயை எடுத்துக்கொண்டு, மீதி இரண்டையும் ஒரு கடிதத்தையும் வைத்துவிட்டு ஸ்டேஷனுக்குப் போனார். வயது 16. வழி தெரியாது. பழைய தேசப்படத்தைப் பார்த்து, திருவண்ணாமலைக்குப் பக்கத்து ஸ்டேஷன் திண்டிவனம் என்று கணக்குப் போட்டு அங்கே டிக்கெட் வாங்கிவிட்டார். விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலைக்கே ரயில் போட்டிருந்த சேதி அந்தப் படத்தில் இல்லை. அதைச் சொன்னவர் அதே பெட்டியில் இருந்த வெள்ளைத் தாடி மௌல்வி ஒருவர். விழுப்புரத்தில் மாறு என்றார். அவ்வளவுதான் அவருடைய வேலை. அவர் பெயர் எந்த வரலாற்றிலும் இல்லை.

விழுப்புரத்தில் மிஞ்சிய காசு மாம்பழப்பட்டு வரைக்கும்தான் போதுமாக இருந்தது. அதற்கு மேல் நடை. அரகண்டநல்லூர், கீழூர். கடுக்கனை 4 ரூபாய்க்கு அடகு வைத்தார். மீட்கும் எண்ணம் இல்லாததால் சீட்டைக் கிழித்துப் போட்டார். செப்டம்பர் 1 காலையில் திருவண்ணாமலை. அடகு பிடித்த வீட்டார் வழிக்குக் கொடுத்த பலகாரப் பொட்டலம் அய்யங்குளத்தில் விழுந்தது. கோவணத்துக்குக் கிழித்தது போக மீதி வேட்டியும் பூணூலும் சில்லறையும் போயின. அதன் பிறகு 1950 ஏப்ரல் 14 வரை அந்த மலையை விட்டு அவர் எங்கும் போகவில்லை.

இப்படிப்பட்டவர் தான் ஏறி வந்த ரயிலை மட்டும் மறக்கவில்லை போலும். ‘நான் யார்?’ என்ற சிறுநூலில் அந்த ரயில் ஓர் உவமையாகத் திரும்ப வருகிறது. எல்லாப் பாரத்தையும் ரயிலே இழுத்துக்கொண்டு போகும்போது, ஏறி உட்கார்ந்தவர் தன் சின்ன மூட்டையை மட்டும் இறக்கி வைக்காமல் தலையில் வைத்துக்கொண்டு அவதிப்படுவது எதற்கு என்பது அதன் கருத்து. ஈசுவரன் மேல் பாரத்தைப் போட்டவருக்கு, இப்படிச் செய்யலாமா அப்படிச் செய்யலாமா என்ற ஓயாத கவலை வேண்டாம் என்று சொல்ல வந்த இடம் அது.

குருசாமி தலையில் வை என்கிறார், ரமணர் இறக்கு என்கிறார். யார் சொல்வது சரி?

மூன்றாவதாக ஓர் அமெரிக்கரும் இந்த வழக்கில் சாட்சி சொல்கிறார். ராபர்ட் பிர்சிக் 1968-ல் தன் சிறுவயது மகனைப் பின்னால் உட்கார வைத்து மினியாபொலிஸிலிருந்து சான்ஃபிரான்சிஸ்கோ வரை மோட்டார் சைக்கிளில் போனார். அதிலிருந்து பிறந்த ‘ஜென் அண்ட் தி ஆர்ட் ஆஃப் மோட்டார் சைக்கிள் மெயின்டனன்ஸ்’ 121 பதிப்பாளர்கள் தள்ளிவிட்ட பிறகு 1974-ல் வெளிவந்தது. பிர்சிக் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் தத்துவம் படித்தவர். உலகமே மாயை என்ற பேராசிரியரிடம், ஹிரோஷிமாவில் விழுந்த குண்டும் மாயையா என்று கேட்டதாகவும், ஆமாம் என்று சிரித்த முகத்தோடு பதில் வந்ததும் வகுப்பை விட்டு எழுந்து போனதாகவும் புத்தகத்தில் ஒரு காட்சி வருகிறது. அவருடைய கட்சி எளிது. வண்டியின் செயினை நீயே சரிசெய். அந்தக் கவனம்தான் தியானம். ஸ்பானர் பிடிக்கவே மாட்டேன் என்கிற நண்பர் ஒருவர் பி.எம்.டபிள்யூ வண்டியில் கூடவே வருகிறார், பாவம். பிர்சிக்கின் கணக்கில், எல்லாவற்றையும் வேன் பார்த்துக்கொள்ளும் பயணம் பாதிப் பயணம். நரிக்குடிப் பக்கம் வண்டி ஓட்டுகிறவர்கள் இதை எளிதாக ஒப்புக்கொள்வார்கள். டயரில் சீமைக்கருவேல முள் ஏறினால் அடுத்த பஞ்சர் கடை வரை தள்ளிக்கொண்டு போக வேண்டியது ஓட்டியவர்தான்.

இருந்தாலும், இருமுடியையும் ரயில் மூட்டையையும் எதிரெதிரே நிறுத்துவது சரியில்லை. இருமுடியில் இருக்கும் எதுவும் சுமப்பவருக்குச் சொந்தமில்லை. நெய் அபிஷேகத்துக்குப் போகும். அரிசி வழியிலேயே பொங்கித் தின்னப்படும். கொடுத்துத் தீர்ப்பதற்காகச் சுமக்கும் மூட்டை அது. ரமணர் இறக்கச் சொன்னது வேறு மூட்டை. இந்த ரயிலே நம்மால்தான் ஓடுகிறது என்ற நினைப்பு அதற்குள் இருக்கிறது. விலைக்கு வாங்கும் பயணத்தின் குறை இங்கேதான் தெரிகிறது. பெட்டியை வேன் எடுத்துக்கொள்கிறது. அந்த இன்னொரு மூட்டையை எடுத்துக்கொள்ள எந்த வேனும் வருவதில்லை. எத்தனை கணவாய் முடித்தோம், முன்னால் போகிறவரை ஏன் முந்தவில்லை, படம் சரியாக விழுந்ததா என்று தலைமேலேயே கனக்கிறது. தனுஷ்கோடி போகிறவனின் ஹெல்மெட்டுக்குள்ளும் இதே கனம்தான். வழிகாட்டி மேல் குற்றமில்லை, எஞ்சின் மேலும் இல்லை.

நடையில்கூட இந்தக் கனம் தொற்றும். அதனால்தானோ என்னவோ, திருவண்ணாமலையைச் சுற்றும் 14 கிலோமீட்டர் கிரிவலத்தை நிறைமாத ராணி நடப்பது போல நடக்க வேண்டும் என்று ரமணர் சொல்லிவந்தார். கிளம்பிய இடத்துக்கே திரும்பி வரும் பாதையில் யார் யாரை முந்துவது? இப்போது அதையும் ஆட்டோவில் சுற்றிவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். சான்றிதழ் கேட்காத மலை, ஒன்றும் சொல்வதில்லை.

அடுத்த முறை ராமேசுவரத்துக்குக் குழுவாக வண்டி எடுப்பவர்கள் மதுரை நெடுஞ்சாலையை விட்டு இந்தப் பக்கம் வரலாம். திருச்சுழியில் திருமேனிநாதர் கோயில் இருக்கிறது. சுந்தரர் பாடிய தலம். ரமணர் பிறந்த வீடு கோயிலுக்குப் பக்கத்தில், ‘சுந்தர மந்திரம்’ என்ற பெயரில் இருக்கிறது. வண்டிகளைக் கோயில் வாசலிலேயே நிறுத்திவிட்டு நடக்கலாம். வழி தெரியாவிட்டால் டீக்கடையில் கேட்டால் போதும். கடைக்காரர் கை காட்டுவார்; கூட வரமாட்டார்.