நீங்க பாத்துட்டு வாங்க

ஜூனா, செப்டம்பரா?

இந்தப் பொங்கலுக்கு அனந்தபுரம் போயிருந்தபோது சித்தப்பா வீட்டில் மூன்று நாளும் இதே பேச்சுதான். செஞ்சிப் பக்கத்தில் இருக்கிற சின்னப் பேரூராட்சி அனந்தபுரம். மல்லாட்டை விளைகிற பூமி. (நிலக்கடலை, வேர்க்கடலை என்று உங்கள் ஊரில் எப்படிச் சொல்வீர்களோ, அதேதான்.) அங்கே திண்ணையில் உட்கார்ந்துகொண்டு பாரிஸில் எப்போது குளிரும், ரோமில் எப்போது வெயில் அடிக்கும் என்று பேசினால், தெருவில் போகிறவர்கள் ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்கள். பார்த்தார்கள்.

விஷயம் இதுதான். சித்தப்பா மகன் ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட்டில் வேலை பார்க்கிறான். அப்பா அம்மாவை அழைத்துப்போய் இருபது நாள் ஐரோப்பாவைச் சுற்றிக்காட்ட வேண்டும் என்று நான்கு வருஷமாகப் பணம் சேர்த்திருக்கிறான். ஜூலை, ஆகஸ்ட் வேண்டாம் என்பதில் எல்லோருக்கும் சம்மதம். அந்த இரண்டு மாதமும் ஐரோப்பாவில் பெரும்பாலான பள்ளிகளுக்கு விடுமுறை. எங்கே போனாலும் கூட்டம். தங்குமிடம் யானை விலை, குதிரை விலை. மிச்சம் இருப்பவை கோடை தொடங்குகிற ஜூனும், இலையுதிர்காலம் தொடங்குகிற செப்டம்பரும்.

தம்பி ஜூன் கட்சி. "அப்பதாண்ணா ஐரோப்பாவே முழிச்சிக்கிட்டு இருக்கும். காலைல கெளம்பினா ராத்திரி ஒம்பதரை, பத்து வரைக்கும் வெளிச்சம். ஒரு நாள்ல ரெண்டு நாள் பாக்கலாம்" என்றான் செல்போன் திரையில். அவன் மனைவி செப்டம்பர் கட்சி. கூட்டம் வடிந்திருக்கும், டிக்கெட் விலை இறங்கியிருக்கும், திராட்சை அறுவடை நடக்கும், வெயில் இதமாக இருக்கும் என்றாள். "ஜூன்ல போனா டூலிப் பூவாவது பாக்கலாம்" என்று நான் வாயைக் கொடுத்தேன். ஹாலந்தில் அந்தப் புகழ்பெற்ற கியூகென்ஹாஃப் தோட்டத்தை மே நடுவிலேயே மூடிவிடுவார்களாம். என் வாய் மூடியது.

சித்தப்பா ஓய்வுபெற்ற தமிழாசிரியர். அவருக்கு வேறு கவலை. "இலையுதிர்காலம்னு ஒரு காலமே நம்மகிட்ட இல்லைப்பா. இளவேனில், முதுவேனில், கார், கூதிர், முன்பனி, பின்பனி. அவன் சொல்றது முதுவேனில். அவ சொல்றது கார்காலம். கார்காலத்துல தலைவன் வீட்டுக்குத் திரும்பி வருவான். எவனாவது வீட்டை விட்டுக் கெளம்புவானா?" என்றார்.

பத்திரிகையில் எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று எங்கள் ஊரில் இன்னமும் நம்புகிறார்கள். தீர்ப்பு சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. ஒரு நோட்டுப் புத்தகத்தில் நடுவே கோடு கிழித்து, இந்தப் பக்கம் ஜூன், அந்தப் பக்கம் செப்டம்பர் என்று மதிப்பெண் போட்டேன். வெளிச்சம், மழை, கூட்டம், செலவு, பூ, பனி எதையும் விடவில்லை. கூட்டிப் பார்த்தால் ஜூனுக்கு ஏழு, செப்டம்பருக்கு ஏழு.

ஒரே மாதிரியான இரண்டு புல்லுக்கட்டுக்கு நடுவில் நின்று, எதைத் தின்பது என்று முடிவு செய்ய முடியாமல் பட்டினி கிடந்தே செத்த ஒரு கழுதை ஐரோப்பியத் தத்துவத்தில் உண்டு. 14-ஆம் நூற்றாண்டில் பாரிஸில் வாழ்ந்த புரிடான் என்ற அறிஞரின் பெயரில் அந்தக் கழுதையைக் கட்டிவைத்திருக்கிறார்கள். (அவர் எழுதிய நூல்களில் இந்தக் கழுதை இல்லை என்பது வேறு விஷயம்.) நோட்டும் கையுமாகத் திண்ணையில் உட்கார்ந்திருந்த எனக்கு அந்தக் கழுதையிடம் ஓர் உறவு தோன்றியது.

கவனித்திருக்கிறீர்களா? இரண்டு வழிகளுக்கு நடுவே பெரிய வித்தியாசம் இருந்தால் நாம் சட்டென்று முடிவு செய்துவிடுகிறோம். வித்தியாசம் நூல் அளவு இருக்கும்போதுதான் நாள்கணக்கில் தவிக்கிறோம். இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான் என்றால், எதை எடுத்தாலும் நஷ்டமில்லை என்றுதானே அர்த்தம்? பிறகு ஏன் தவிப்பு? பூவா தலையா போட்டுவிட்டுப் போகலாமே?

நானும் அப்படித்தான் சொல்லத் தயாரானேன். சட்டைப் பையில் ஐந்து ரூபாய் நாணயம்கூடத் தேடினேன்.

அப்போதுதான் சித்தி காபி கொண்டுவந்தாள். மூன்று நாளாக இந்தப் பேச்சில் அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை. "உங்க இஷ்டம்பா" என்பதோடு சரி. டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டாள்.

"ஏம்பா, அந்த ஊர்ல எந்த மாசம் சீக்கிரம் இருட்டும்?"

எல்லோரும் சிரித்தோம். சித்தப்பா, "ஊர் பாக்கப் போறவ கேக்கிற கேள்வியா இது?" என்றார். சித்தி சிரிக்கவில்லை.

"வெளிச்சம் இருக்கிற வரைக்கும் இவங்க சுத்திக்கிட்டே இருப்பாங்கப்பா. இருட்டினாத்தான் ரூமுக்குப் போலாம்னு சொல்லுவாங்க. ராத்திரி பத்து மணி வரைக்கும் பகலா இருந்தா என் முட்டி தாங்காது."

திண்ணை அமைதியாகிவிட்டது.

நம் ஊரில் வருடத்தின் மிக நீண்ட பகல்கூட 13 மணி நேரத்தைத் தொடாது. பாரிஸில் ஜூன் கடைசியில் பகல் 16 மணி நேரம். சுற்றுலா விளம்பரங்கள் எல்லாம் இதைத்தான் வரமாகச் சொல்கின்றன. நானும் ஜூனுக்கு இதற்காக இரண்டு மதிப்பெண் கூடுதலாகப் போட்டிருந்தேன். முட்டி தேய்ந்த ஒருத்திக்கு அதே வெளிச்சம் தண்டனை என்பது என் நோட்டில் எந்தப் பக்கமும் இல்லை. ஏழுக்கு ஏழு என்று கணக்குப் போட்டவனுக்குத்தான் இரண்டு புல்லுக்கட்டும் சமம். அவளுக்கு இல்லை.

எனக்கு அந்த நிமிஷத்தில் அம்மா ஞாபகம் வந்தது.

அனந்தபுரத்தில் வாழ்க்கைப்பட்ட அம்மா, செஞ்சிக்குப் பஸ்ஸில் போகும்போதெல்லாம் கோட்டை மலையைப் பார்த்தவள். ஒரு தடவைகூட ஏறியதில்லை. விவசாயக் குடும்பத்தில் கோட்டையை ஏறிப் பார்க்க யாருக்கு நேரம்? நான் வேலைக்குப் போய், கல்யாணமாகி, பிள்ளைகள் பிறந்த பிறகு ஒரு மே மாதம் எல்லோரையும் வேன் வைத்து அழைத்துப் போனேன். மே மாதம் ஏன்? பிள்ளைகளுக்கு லீவு. எனக்கும் அப்போதுதான் லீவு. அக்கினி நட்சத்திரம் என்று யோசிக்கவில்லை. ராஜகிரி சுமார் 800 அடி உயரம். வெயிலில் பாறை கொதித்தது. கல்யாண மகால் வரைக்கும் அம்மா வந்தாள். அதற்குப் பிறகு ஒரு மரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள்.

"நீங்க பாத்துட்டு வாங்க. நான் இங்கயே இருக்கேன்."

நாங்கள் பார்த்துவிட்டு வந்தோம். மேலே களஞ்சியம், கோயில், காற்று. இறங்கி வந்தபோது எங்கள் பைகளுக்கும் தண்ணீர் பாட்டில்களுக்கும் காவலாக அம்மா அதே மரத்தடியில் இருந்தாள். "நல்லா இருந்துச்சா?" என்று கேட்டாள். நானும், "நல்லா இருந்துச்சும்மா" என்றேன்.

தை மாதக் காலை நேரத்தில் அதே மலைக்குப் போயிருந்தால் மெல்ல மெல்ல ஏறியிருப்பாள். அப்போது அவள் கால்களில் அவ்வளவு பலம் இருந்தது. வெளிநாட்டுக்காரர்களைப் பாருங்கள், மார்கழி, தையில்தான் செஞ்சிக்கு அதிகம் வருகிறார்கள். எங்கள் மலைக்கு எது நல்ல பருவம் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை. 2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றபோது ஊரே கொண்டாடியது. எனக்கு அந்த மரத்தடிதான் நினைவுக்கு வந்தது. அம்மா அப்போது உயிரோடு இல்லை.

திருக்குறளில் 'காலமறிதல்' என்று ஓர் அதிகாரம் உண்டு, உங்களுக்குத் தெரியும். 49-ஆவது. எந்தக் காரியத்துக்கும் ஏற்ற காலம் எது என்று சொல்வது. அதற்கு அடுத்தது, 50-ஆவது, 'இடனறிதல்'. சரி, காலத்துக்கு முன்னால் 48-ஆவதாக என்ன இருக்கிறது தெரியுமா? 'வலியறிதல்'. முதலில் வலிமை, அடுத்துக் காலம், கடைசியில்தான் இடம். அந்த வலிமையிலும் உன் வலிமையை மட்டும் பார்த்தால் போதாது, உன்னோடு வருகிறவர்களின் வலிமையையும் எடை போடு என்கிறார் வள்ளுவர். ராஜாவுக்கும் போருக்கும் சொன்னதுதான். ஆனால் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு இருபது நாள் ஊர் சுற்றுவதும் கொஞ்சம் படையெடுப்பு மாதிரிதானே!

நாம் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். முதலில் இடம். 'ஐரோப்பா போலாம்!' அப்புறம் காலம். 'ஜூனா, செப்டம்பரா?' யாருடைய காலுக்கு எவ்வளவு பலம் என்ற கேள்வி, பாரிஸ் மெட்ரோவில் லிஃப்ட் இல்லாத ஸ்டேஷனின் படிக்கட்டுக்குக் கீழே நிற்கும்போதுதான் வருகிறது. அல்லது வெனிஸில் பத்தாவது பாலத்தின் படிகளில்.

பலவீனமானவரை முன்னால் வைத்துப் பயணத்துக்குக் காலம் குறிப்பது நமக்குப் புதிது இல்லை. செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில் மேல்சித்தாமூர் இருக்கிறது. தமிழ்ச் சமணர்களின் மடம் உள்ள ஊர். சமணத் துறவிகள் வருடம் முழுக்கக் கால்நடையாகவே ஊர் ஊராகப் போகிறவர்கள். மழைக்காலம் வந்தால் மட்டும் நான்கு மாதம் ஓரிடத்தில் தங்கிவிடுவார்கள். சாதுர்மாஸ்யம் என்று பெயர். தாங்கள் நனைந்துவிடுவோம் என்பதற்காக அல்ல. ஈர மண்ணில் அப்போதுதான் புல் முளைக்கும், புழுவும் பூச்சியும் வெளியே வரும். நடந்தால் காலடியில் மிதிபடும். காலுக்குக் கீழே இருக்கிற ஓர் எறும்பை யோசித்துப் பயணக் காலத்தை வகுத்திருக்கிறார்கள். நம்மால் கூட வருகிற அம்மாவை யோசிக்க முடியவில்லை.

இதை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஐரோப்பாவே ஒரு பாடம் வைத்திருக்கிறது. 2003 ஆகஸ்டில் அங்கே கடும் வெப்ப அலை அடித்தது. பிரான்ஸில் மட்டும் சுமார் 15,000 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் முதியவர்கள், தனியாக இருந்தவர்கள். அது விடுமுறை மாதம். பலருடைய பிள்ளைகளும் அக்கம்பக்கத்தாரும் ஊரில் இல்லை. உரிமை கோர ஆளில்லாத உடல்களைப் பாரிஸ் நகரமே அடக்கம் செய்தது. அதிபர் ஜாக் சிராக் போய் நின்றார். அந்தப் பிள்ளைகள் கெட்டவர்கள் இல்லை. அவர்கள் செய்ததும் நாம் செய்வதுதான். எது நல்ல மாதம் என்று தங்களுக்கு மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பினார்கள். இன்று ஜூனையும் நம்ப முடியாது. 2019 ஜூன் 28 அன்று தென் பிரான்ஸில் 46 டிகிரி பதிவானது. நமக்குப் பழகிய வெயில்தானே என்பீர்கள். அங்கே பல வீடுகளில் தலைக்கு மேல் ஃபேன் கிடையாது.

'அப்படியானால் வீட்டில் ஒருவருக்கு முடியவில்லை என்பதற்காக எல்லோரும் முடங்க வேண்டுமா? நான்கு வருஷம் பணம் சேர்த்த பிள்ளைக்கு ஆசை இருக்காதா?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. பிள்ளையின் லீவும் பணமும்கூட வலிமைக் கணக்கில் வருபவைதான். அவனுக்கு ஜூனில்தான் லீவு என்றால் ஜூனிலேயே போகட்டும். சாயங்காலம் ஆறு மணிக்கு, வெயில் அடித்தாலும் சரி, அம்மாவை ரூமில் விட்டுவிட்டு மற்றவர்கள் சுற்றட்டும். இன்னொரு வீட்டில் குளிர் பட்டால் மூச்சு வாங்குகிற அப்பா இருப்பார், அவருக்கு ஜூன்தான் சரி. புல்லின் மகரந்தம் பட்டால் தும்மித் தீர்க்கிறவருக்கு ஜூன் ஆகவே ஆகாது. பதில் எந்த மாதமாகவும் இருக்கலாம். யாரிடம் கேட்டு அந்தப் பதிலுக்கு வந்தோம் என்பதுதான் முக்கியம்.

அதே சமயம், சித்தி மேலும் எனக்குக் கொஞ்சம் கோபம். "உங்க இஷ்டம்பா", "எனக்கு எதுன்னாலும் பரவால்ல" என்பதெல்லாம் நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்கிற அன்பான பொய்கள். பிள்ளைக்குச் சிரமம் தரக் கூடாது என்று சொல்கிறார்கள். ஆனால் அந்தப் பொய்யை நம்பிவிட்ட பிள்ளை பின்னால் படுகிற வேதனை இருக்கிறதே, அது அதைவிடப் பெரிய சிரமம். என் அம்மாவும், "இந்த வெயில்ல வேணாம்டா, தையில போலாம்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நானும் கேட்டிருக்கலாம்.

அன்று சாயங்காலமே தம்பிக்குப் போன் போட்டோம். செப்டம்பர் கடைசி என்று முடிவானது. பகலும் இரவும் அப்போது சமம்.

"ஏம்மா, இதை மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல?" என்றான் தம்பி.

"யாரும் கேக்கலியேப்பா" என்றாள் சித்தி.

இந்தக் கோடைக்கு நீங்களும் எங்காவது கிளம்புவீர்கள். ஊட்டியோ, காசியோ, ஐரோப்பாவோ. மேப்பை விரிப்பதற்கு முன்னால், காலண்டரைப் புரட்டுவதற்கு முன்னால், உங்கள் வீட்டில் "நீங்க பாத்துட்டு வாங்க" என்று சொல்லப்போகிறவர் யார் என்று ஒரு நிமிஷம் யோசியுங்கள். அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, எப்போது போகலாம் என்று கேளுங்கள். "உங்க இஷ்டம்" என்பார்.

இன்னொரு தடவை கேளுங்கள்.