முதல் தடம் யாருடையது?

பத்து பாகாட்டில் பனி பெய்யாது. வருஷம் முழுக்க வெயில், மழை, திரும்ப வெயில். ஆனாலும் மலையேறிகளின் கதைகளைப் படித்துவிட்டு, விடுமுறையில் பானாங் மலை ஏறி, டிசம்பரில் ஹொக்கைடோ போக டிக்கெட் தேடும் நண்பர்கள் எனக்கு உண்டு. கனத்த பனி கொட்டி ஓய்ந்த காலையில், யாரும் மிதிக்காத வெள்ளையில் முதல் அடி வைக்கணும். அவ்வளவுதான் அவர்கள் ஆசை.

அதைக் கேலி செய்ய எனக்கு மனசு வராது. ஜொகூர் ரப்பர் தோட்டங்களில் நம் தாத்தா பாட்டிகள் மேடு ஏறியது பால் வாளியோடுதான். எந்தப் பயனும் இல்லாமல், தோணுச்சு என்பதற்காக மட்டும் ஏறுவது அவர்களுக்கு வாய்க்காத சுதந்திரம். 1997 மே 23 அன்று எம். மகேந்திரனும் என். மோகனதாஸும் எவரெஸ்ட் உச்சியை எட்டிய முதல் மலேசியர்கள் ஆனார்கள். இரண்டு பேரும் தமிழர்கள் என்ற பெருமையோடு, அந்தச் சுதந்திரமும் எனக்கு அதில் தெரிகிறது.

ஆனால் எவரெஸ்டில் முதல் தடம் பெரும்பாலும் மலையேறியுடையது இல்லை. அவருக்கு முன்னால் ஷெர்பாக்கள் போய் ஏணி வைத்து, கயிறு கட்டி, கூடாரமும் ஆக்சிஜனும் தூக்கிவைத்திருப்பார்கள். கும்பு பனியருவி என்பது மெல்ல நகரும், எப்போது வேண்டுமானாலும் உடையும் பனிக்கட்டிப் பாளங்களின் குவியல். பணம் கட்டி வருபவர் அதை ஒரு பருவத்தில் சில தடவை கடக்கிறார். சுமை தூக்குபவர் அதைவிடப் பல மடங்கு. எங்கள் பொறியியல் கணக்கில் ஆபத்து என்பது ஒரு தடவைக்கான வாய்ப்பு மட்டுமில்லை, எத்தனை தடவை அதற்குக் கீழே நிற்கிறோம் என்பதும்தான்.

2014 ஏப்ரல் 18 அன்று அங்கே பனிப்பாளம் சரிந்து 16 நேபாளத் தொழிலாளர்கள் இறந்தார்கள். அரசு முதலில் அறிவித்த உதவித்தொகை குடும்பத்துக்கு 40,000 நேபாள ரூபாய். ஷெர்பாக்கள் கொதித்துப்போய் அந்தப் பருவத்தில் ஏற மறுத்தார்கள்.

"கூலி வாங்கிட்டுத்தானே போறாங்க, யாரும் கட்டாயப்படுத்தலையே?" என்று கேட்கலாம். நம் தாத்தாக்களும் கூலி வாங்கினார்கள். அது போதும் என்று நாம் என்றைக்காவது ஒத்துக்கொண்டிருக்கிறோமா?

அதற்காகப் பனியை ரசிப்பது பாவம் என்று நான் சொல்லவில்லை. ஷெர்பாக்களின் வீட்டு வருமானமும் அந்த மலையில்தான் இருக்கிறது. நாம் போகாமல் இருந்தால் யாருக்கும் நியாயம் கிடைத்துவிடாது. அந்தச் சந்தோஷம் நேர்மையானதா என்று பார்க்க எனக்குத் தெரிந்த சோதனை ஒன்றுதான்: "இன்னிக்கு மலை சரியில்ல, நான் வரல" என்று கட்டணம் கட்டியவர் சொல்லலாம். அதையே சுமை தூக்குபவரும், அடுத்த வருஷம் வேலை போய்விடுமோ என்ற பயமில்லாமல் சொல்ல முடிகிறதா? ஏறுவதற்கு முன் நாம் விசாரிக்க வேண்டியது வானிலையை மட்டுமில்லை, இதையும்தான்.