வலியறிதலும் வண்டியின் பாரமும்

ஒரு வண்டி எவ்வளவு எடையை இழுக்கலாம் என்பது பெரும்பாலும் பொறியியல் கேள்வியாகவே கருதப்படுகிறது. ஆனால் தாங்கும் அளவு முன்கூட்டியே தெரிந்திருந்தும் அது மீறப்படும்போது, அதன் கேடு ஓட்டுநரோடு நில்லாமல் உடன் வரும் குழந்தைக்கும் எதிரே வரும் முகமறியாதவருக்கும் போய்ச் சேர்வதால், அக்கேள்வி அறத்தின் எல்லைக்குள் வந்துவிடுகிறது. திருக்குறளின் 48ஆம் அதிகாரமான வலியறிதல், போருக்குச் செல்லும் அரசனை நோக்கிப் பேசுவதாயினும், 475ஆம் குறளில் அச்சு முறியும் வண்டியையே சான்றாகக் கொள்கிறது. அங்கே ஏற்றப்படுவது இரும்போ கல்லோ அன்று, மயிலிறகு. பொருளின் மென்மை அதன் மொத்த எடையைக் குறைப்பதில்லை என்பதே அதன் உட்கிடை.

சமண நெறி இதை இன்னும் கூர்மையாக நோக்கியது. உமாஸ்வாதியின் தத்துவார்த்த சூத்திரம், இல்லறத்தார் மேற்கொள்ளும் எளிய நோன்பாகிய அணுவிரதங்களுள் கொல்லாமைக்கு நேரும் வழுக்களை, அதாவது அதிசாரங்களை, ஐந்தாக வகுத்து, கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், உணவையும் நீரையும் மறுத்தல் ஆகியவற்றோடு மிகுபாரம் ஏற்றுதலையும் சேர்க்கிறது. கொல்லும் எண்ணம் இல்லாமலும் குருதி சிந்தாமலும் இருக்கும்போதுகூட, தாங்க இயலாததைத் தாங்கச் செய்வது இம்சையே என்பது இதன் முடிவு. பாரம் இழுக்கும் விலங்குகளுக்காக இந்திய அரசு 1965இல் வகுத்த விதிகளும் விலங்கின் உருவத்தையும் சக்கரத்தின் வகையையும் கொண்டு எடைக்கு வரம்பு கட்டி, நீண்ட செங்குத்தான ஏற்றத்தில் அவ்வரம்பைப் பாதியாகக் குறைத்தன.

கர்நாடகத்தில் ராபர்ட்சன்பேட்டையைச் சுற்றியுள்ள கோலார் தங்கவயல் இந்த அறத்தை அன்றாட ஒழுங்காகவே கடைப்பிடிக்க வேண்டியிருந்த இடம். 1880இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனத்தின் பொறுப்பில் விரிவடையத் தொடங்கி 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்ட இச்சுரங்கங்களில், சாம்பியன் ரீஃப் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் சென்றது. வடஆற்காடு, சேலம் பகுதிகளிலிருந்து குடியேறிய தமிழ்த் தொழிலாளர் தலைமுறைகள் கம்பிவடத்தில் தொங்கிய கூண்டில் இறங்கி ஏறினர். அத்தகைய வடம் அறுந்துபோகக்கூடிய எடைக்கு வெகு கீழேதான் அனுமதிக்கப்பட்ட எடை நிறுத்தப்படும்; ஆழம் கூடக்கூட வடத்தின் சொந்த எடையே சுமையின் பெரும்பங்காகிவிடும். அனுமதித்த எடைக்கும் அறுந்துபோகும் எடைக்கும் இடையிலான இடைவெளி வீணாக விடப்பட்ட வலிமை அன்று. தேய்மானம், குலுக்கம், கணிக்க முடியாத பிழை ஆகியவற்றுக்காக ஒதுக்கி வைக்கப்பட்ட இடம் அது. மனித அறிவு தன் எல்லையை ஒப்புக்கொள்வதன் அடையாளமும் அதுவே.

பிக்கப் வண்டிக்குப் பின்னால் கோத்து இழுக்கப்படும், தங்கும் வசதி கொண்ட டிரெய்லரைத் தேர்ந்தெடுப்பவருக்கும் இதே கடமை உண்டு. சைவ சித்தாந்தம் அறிவுக்குரிய வழிகளாகக் காண்டல், கருதல், உரை என்னும் மூன்று அளவைகளைக் கொள்கிறது. கண்முன் நிகழ்வதை அறிவது காண்டல். அறிந்ததிலிருந்து அறியாததை ஊகித்து உணர்வது கருதல். நம்பத்தக்கவர் சொல்லால் அறிவது உரை. சமதளத்தில் வண்டி எளிதாக இழுத்துச் செல்வதைக் கண்டு நிறைவடைபவர் முதல் அளவையோடு நின்றுவிடுகிறார். வண்டியைத் தயாரித்தவர் அதன் கையேட்டில் குறித்த இழுவை வரம்பும் ஏற்றத்தக்க எடையும் உரையளவை போன்றவை. டிரெய்லரின் வெற்று எடையோடு தண்ணீர், எரிவாயு உருளை, பாத்திரம், படுக்கை ஆகியவற்றையும் கூட்டிப் பார்ப்பது கருதல்.

அக்கூட்டலில் பலரும் தவறவிடுவது கொக்கியின் மேல் நேராக அழுத்தும் எடை. நிறைசுமையோடுள்ள டிரெய்லரின் எடையில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பங்கு வரை கொக்கியில் இறங்க வேண்டும். குறைந்தால் டிரெய்லர் பக்கவாட்டில் அலைந்து வண்டியையே இழுத்துத் தள்ளும். ஏற்றத்தக்க எடை 600 கிலோவாக உள்ள வண்டியில் ஆட்களும் சாமான்களும் 430 கிலோ எனக் கொண்டால், கொக்கியில் இறங்கும் எடைக்கென மிஞ்சுவது 170 கிலோ. 1500 கிலோ டிரெய்லர் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்காக 180 கிலோவைக் கொக்கியில் இறக்கும். இழுவை வரம்பு 2000 கிலோ என்று எழுதியிருந்தாலும், அந்த டிரெய்லர் அந்த வண்டிக்கு உரியதன்று.

வலியறிதல் அதிகாரம் தொடக்கத்திலேயே செயலின் வலி, தன் வலி, எதிரியின் வலி, துணையின் வலி என நான்கையும் எடைபோடச் சொல்கிறது. இங்கே செயல் டிரெய்லரின் முழு எடை. தன் வலி வண்டியின் வரம்பு. எதிரி ஏலகிரியின் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள் போன்ற மலைப்பாதையும் பக்கக்காற்றும். துணை டிரெய்லருக்கென அமைந்த தனி பிரேக்கும் பாதுகாப்புச் சங்கிலியும். ஏற்றத்தில் தோற்கும் வண்டி நின்றுவிடும், இறக்கத்தில் தோற்கும் வண்டி நிற்காது. ஆகவே இழுக்கும் திறனைவிட நிறுத்தும் திறனே முதலில் ஆராயத்தக்கது.

விதிப்படியே எல்லாம் நடக்கும் என்றும், பூசை போட்டு எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றிய வண்டியை இறைவன் காப்பான் என்றும் எழும் மறுமொழி எளிதில் தள்ளத்தக்கதன்று, ஏனெனில் அது மனித முயற்சியின் போதாமையை உணர்ந்த சொல். ஆனால் காப்பை வேண்டுபவர், காப்பதற்காகத் தமக்குத் தரப்பட்ட அறிவைக் கைவிட்டு வேண்டினால், அது சரணாகதி ஆகாது. தம் பொறுப்பை இறைவன்மேல் ஏற்றிய மிகுபாரமாகும். நேற்று முறியவில்லை என்பதும் இன்றைக்குச் சான்றாகாது, அச்சு ஒவ்வொரு பயணத்திலும் தேய்கிறது. ஆகவே டிரெய்லர் வாங்க எண்ணுபவர், விலை பேசுவதற்கு முன் தம் வண்டியை ஆட்களோடும் சாமான்களோடும் எடை மேடையில் நிறுத்தி, வரும் எண்ணோடு கொக்கியில் இறங்கும் எடையையும் கூட்டிக் கையேட்டின் வரம்போடு ஒப்பிட வேண்டும். கணக்கு வரம்பை மீறினால் சிறிய டிரெய்லரையே தேர்ந்தெடுக்க வேண்டும்.