இராவணனுக்கு அவசரம்

திருகோணமலையில் காலையில் விறைப்பாகக் கட்டிய படகின் நைலோன் கயிறு மாலைக்குள் சற்றே தொய்ந்திருக்கும். அலையையும் வற்றுப்பெருக்கையும் கழித்துப் பார்த்தாலும் கொஞ்சம் மிச்சமிருக்கும். முடிச்சு நழுவவில்லை. கயிற்றுக்குள் பின்னிக் கிடக்கும் நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகள்தான் மெல்ல இடம் மாறியிருக்கின்றன. அவிழ்த்துப் போட்டால், நீண்டதில் ஒரு பங்கு சட்டென்று மீளும். ஒரு பங்கு ஆறுதலாக மீளும். எஞ்சியது மீளவே மாட்டாது.

இது திண்மமா, திரவமா?

‘எவ்வளவு நேரம் பார்த்தீர்கள்?’ என்று திருப்பிக் கேட்டார் இஸ்ரேலிய அறிஞர் மார்க்கஸ் ரெய்னர். 1963இல் அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரில், பாய்வியல் மாநாடொன்றின் விருந்துக்குப் பின் அவர் ஆற்றிய உரை மறு ஆண்டு அச்சேறியது. ஒரு பொருள் உள்ளுக்குள் தளர்ந்து கொடுக்க எடுக்கும் நேரத்தை, நாம் அதைப் பார்க்கும் நேரத்தால் வகுக்க வேண்டும். விடை பெரிதென்றால் திண்மம்; சிறிதென்றால் திரவம். அந்த எண்ணுக்கு அவர் வைத்த பெயர் தெபோராள். விவிலியத்தின் நியாயாதிபதிகள் நூலில், கர்த்தர் முன் மலைகள் பாய்ந்தன என்று அவள் பாடுகிறாள். (மலைகள் அதிர்ந்தன என்றே எழுதும் மொழிபெயர்ப்புகளும் உண்டு, ரெய்னருக்குப் பாய்ந்தால்தான் வசதி.) மனித ஆயுளுக்குள் மலை அசையாது, முடிவில்லாமல் பார்க்கும் கடவுளுக்கு அதுவும் ஆறு.

குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தில் 1927இல் தொடங்கிய சோதனை இதற்குக் கண்கண்ட சாட்சி. அங்கே ஒரு புனலில் இட்டது மரப்படகுக்குப் பூசும் கீலின் இனத்துப் பொருள், சுத்தியலால் அடித்தால் நொறுங்கும். புனலின் அடியைத் திறந்தது 1930இல். 2014 வரை விழுந்தவை ஒன்பதே துளிகள்.

திருகோணமலையிலேயே, கோணேசர் கோயிலருகே செங்குத்தாகக் கடலுக்கு இறங்கும் பிளவை இராவணன் வெட்டு என்கிறார்கள். நோயுற்ற தாய்க்காக மலையோடு கோயிலைக் கொண்டுபோக அவன் வாளை ஓங்கினானாம். ஆனால் இலங்கையின் பழம்பாறைகளில் பெரும்பகுதி ஐம்பது கோடிக்கும் மேற்பட்ட ஆண்டுகளுக்கு முன், பூமியின் ஆழத்துச் சூட்டில் மடிப்பு மடிப்பாகக் குழைந்தது. ஓங்கி அடித்தால் பிளக்கும் பாறை, சூட்டில் ஆறுதலாக அமுக்கினால் வளைந்து கொடுக்கும். இராவணனுக்கு அவசரம்.

எல்லாமே பாய்கிறதென்றால், உலகம் பொய்யா? மாறுவது பொய் என்பார் மாயாவாதி. சைவ சித்தாந்தம் வகுத்த மெய்கண்டார் அப்படிச் சொல்லவில்லை. சிவஞானபோதத்தின் முதற் சூத்திரத்தில் உலகம் தோன்றி, நின்று, ஒடுங்குகிறது; ஆகவே அது இல்லாத பொருளல்ல, அதை நடத்தும் ஒருவன் வேண்டிய பொருள். தொய்ந்த கயிறும் படகைப் பிடித்துக்கொண்டுதானே இருக்கிறது! இந்த வழக்கில், நைலோன் போன்ற நீள்சங்கிலிப் பல்பகுதியம் சைவ சித்தாந்தியின் கட்சி.

ஆனால் ரெய்னரின் கடவுள் அசாத்தியப் பொறுமையுள்ள பார்வையாளர், அவ்வளவே. சித்தாந்தத்தின் பதியாகிய இறைவன் பார்த்துக்கொண்டு மட்டும் இருப்பவனல்லன். பதியைப் போலவே பசுவாகிய உயிரும் அதைக் கட்டும் பாசமும் அநாதி. எவ்வளவு காலம் பார்த்தாலும் உயிர் கரைந்து ஓடிவிடாது. ரெய்னரின் வகுத்தலில் அதற்கு இடமில்லை. விருந்து முடிந்த பேச்சிடம் அதையும் கேட்பது நியாயமில்லைதான்.