வலியும் ஒப்புமையும்

நாயால் ஏன் வலியை நடிக்க முடிவதில்லை என்று விட்கன்ஸ்டைன், அவர் இறந்தபின் 1953இல் வெளியான நூலில் யோசிக்கிறார். என்னைத் தொந்தரவு செய்வது மறுபக்கம். எங்கள் வீட்டுக் கிழநாய் வலியில்லாததுபோல் இருக்கிறது. மூட்டுவாதம். முனகுவதில்லை. படியேறத் தயங்குகிறது, முன்னங்காலை ஓயாமல் நக்குகிறது. கூப்பிட்டால் வாலையும் ஆட்டிவிடுகிறது. கையெழுத்தில்லாத காசோலையை வங்கியில் திருப்பிவிடுகிறேன். சொல்லப்படாத வலியை அப்படித் திருப்ப முடியவில்லை.

அதை நம்ப நமக்கிருக்கும் ஒரே வழி ஒப்புமை: என் மூட்டு வலித்தால் நானும் இப்படித்தான் தயங்குவேன். இதே ஒப்புமை மருந்துப் பெட்டிவரை போனால் ஆபத்து. நான் விழுங்கும் இபுபுரூஃபன் நாயின் இரைப்பையைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். பாராசிட்டமால் அளவு மிஞ்சினால் கல்லீரல் போய்விடும். வலி என்னுடையதைப் போன்றது, உடம்பு அப்படியல்ல. இரக்கம் பற்றி எழுதுகிற நம்மவர்கள் பாதி வாக்கியத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். (நம் கவிதைகளில் வரும் நாய்கள் பெரும்பாலும் கவிஞரின் வலியைத்தான் சுமக்கின்றன.)

மாத்திரை, கால்நடை மருத்துவர் சொன்னதுதான். மற்றது வீட்டு வேலை: வழுக்கும் மொசைக் தரையில் சாக்கு விரிப்பது, சோற்றுத் தட்டைச் செங்கல்மேல் உயர்த்தி வைப்பது, வெந்நீர் ஒற்றடம். அதிகச் சூட்டையும் அது பேசாமல் பொறுத்துக்கொண்டுவிடலாம் என்பதால் துணியை முதலில் என் மணிக்கட்டில் வைத்துப் பார்க்கிறேன்.