ஒத்திவைக்கக் கூடாத அறுவை

தமிழ்நாட்டின் முதல் கொரோனா மரணம் 2020 மார்ச் 25 அன்று மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் நேர்ந்தது. நாடு தழுவிய ஊரடங்கு தொடங்கியதும் அன்றுதான். பசுமலைக்கு அப்பால் தோப்பூர் மருத்துவமனை கொரோனாவுக்கென ஒதுக்கப்பட்டது; அது சரியான முடிவு. ஆனால் அதே வாரங்களில் 'அவசரமில்லை' என்று நாடெங்கும் தள்ளிவைத்த அறுவைகளில் புற்றுநோய் அறுவைகளும் சேர்ந்துபோயின. 41 புற்றுநோய் மையங்களின் கணக்குப்படி, மார்ச் முதல் மே வரை நடந்த பெரிய அறுவைகள் முந்தைய ஆண்டின் அதே மாதங்களில் நடந்தவற்றில் ஏறக்குறைய பாதிதான். அப்படித் தள்ளிவைத்ததை அறமென்று ஏற்க முடியாது.

தள்ளிவைத்தவர்களுக்கும் ஒரு நியாயம் உண்டு. தொற்றோடு அறுவைக்கு உட்பட்டவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவர் முப்பது நாளுக்குள் இறந்ததை லான்செட் இதழ் வெளியிட்டது. அப்படி அறுவைக்கு உட்பட்டவர்களில் முக்கால்வாசிப் பேர் அவசர அறுவைக்கு வந்தவர்கள் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

நோயாளியின் நிலை, நோயின் அளவு, காலம் ஆகிய மூன்றையும் எண்ணிப் பார்த்தே மருத்துவம் செய்யச் சொன்னார் வள்ளுவர். எல்லாரையும் ஒரே ஆணையில் திருப்பி அனுப்பினால் மூன்றில் எதை எண்ணினோம்? முள்மரத்தை இளசிலேயே வெட்டிவிடு என்று அவர் பகையைப் பற்றிச் சொன்னது கட்டிக்கும் பொருந்தும். அறுவை நான்கு வாரம் தள்ளிப்போனால் இறப்பு அபாயம் 6 முதல் 8 சதவீதம் கூடும் என்கிறது 2020-இல் வந்த ஆய்வு. இதே மதுரையில் பிச்சையெடுத்த ஆபுத்திரன், பார்வையற்றோரையும் பிணியால் நடுங்கியோரையும் அழைத்து ஊட்டிய பிறகே மிச்சத்தை உண்டான் என்கிறது மணிமேகலை. நலிந்தவர்களுக்கு முதலிடம் என்பது நம் மரபு.

தொற்றுக் காலத்தில் புற்றுநோய் அறுவை செய்ய முடியாத காரியமும் அல்ல. தொற்று கொதித்த மும்பையில், டாடா நினைவு மருத்துவமனை மார்ச் 23 முதல் ஏப்ரல் 30 வரை திட்டமிட்ட பெரிய புற்றுநோய் அறுவைகள் 494 செய்தது. அறுவைக்குப் பின் ஒருவரும் இறக்கவில்லை. கொரோனா நோயாளிகள் கலக்காத தனி இடத்தில் அறுவை நடந்தால் நுரையீரல் சிக்கல் 4.9 சதவீதத்திலிருந்து 2.2 ஆகக் குறைவதைப் பன்னாட்டு ஆய்வொன்று காட்டியது. மருத்துவர், செவிலியர் உயிருக்கும் அதுவே காப்பு.

ஆகவே அடுத்த தொற்று வருமுன்பே மதுரையில் அப்படியொரு கட்டடத்தை அரசு குறித்து வைக்க வேண்டும். அபாயத்தை நோயாளியிடமும் வீட்டாரிடமும் விளக்கி, முடிவை அவர்களோடு சேர்ந்து எடுக்க வேண்டும். இராமநாதபுரத்திலிருந்தும் தேனியிலிருந்தும் வருகிறவர்களுக்கு ஊரடங்கில் ஆஸ்பத்திரிச் சீட்டே பயண அனுமதி (இ-பாஸ்) என்று இப்போதே விதி செய்யட்டும்.