யாத்திரை முடிந்த பின் வரும் ஏக்கம்

ஆடி மாதத்தில் கதிர்காமத்துக்கு நடந்து போய் வந்த அடியார்களிடம் ஒரு விடயத்தைக் கவனித்திருப்பீர்கள். கால் கொப்பளம் ஒரு கிழமையில் ஆறிவிடும், மனம் ஆறுவதில்லை. கொழுந்து எடுக்க மலைக்குப் போகும்போதும், "போன வெள்ளிக்கிழமை இந்நேரம் புத்தலயில் இருந்தோம்" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். வெய்யிலும் தாகமும் நித்திரையின்மையும் நிறைந்த வழி அது. நேர்த்தி நிறைவேறி, மாணிக்க கங்கையில் தீர்த்தமாடி, சுகமாக வீடு வந்து சேர்ந்தவருக்கு மனம் நிறைந்துதானே இருக்க வேண்டும்? ஏன் ஏங்குகிறார்?

நாம் அங்கே எதைக் காண்கிறோம் என்பதை முதலில் நினைத்துப் பார்ப்போம். கதிர்காமத்தில் நமக்குத் தெரிவது திரை. கப்புறாளை வாயைத் துணியால் கட்டிக்கொண்டு மௌனமாக உள்ளே போய்ப் பூசை செய்து வருகிறார். திரைக்குப் பின்னால் இருப்பதை அடியார் எவரும் பார்ப்பதில்லை. பெரஹராவில் யானை மேல் எழுந்தருள்வதும் மூடிய பேழைதான். யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியில் புறப்பட்டு, வெருகல், மண்டூர், திருக்கோவில், உகந்தை என்று வாரக்கணக்கில் நடந்து, குமண, யால காடுகளைக் கடந்து வருபவருக்கும் அதே திரைதான். தியலும நீர்வீழ்ச்சியைப் பார்த்தபடி கொஸ்லந்தையிலிருந்து வெல்லவாயவுக்கு இறங்கி வரும் எமக்கும் அதே திரைதான். முழுதும் காணாமல் திரும்பியதால்தான் ஏக்கம் என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. அதில் உண்மை இருக்கிறது. ஆனால் அது மட்டும்தான் காரணமென்றால் பஸ்ஸில் போய் வருபவருக்கும் அதே ஏக்கம் வர வேண்டுமே! அவ்வளவாக வருவதில்லை.

கஷ்டப்பட்டுப் போனதால் வருகிறது என்றும் சொல்லலாகாது. எமது முன்னோர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வரை காட்டு வழியே நடந்தார்கள். பசியிலும் கொள்ளை நோயிலும் வழியிலேயே மாண்டவர் ஏராளம். கதிர்காம நடையைவிடக் கொடிய நடை அது. அதன் முடிவில் சந்நிதி இல்லை, காடழித்து உண்டாக்க வேண்டிய கோப்பித் தோட்டம் இருந்தது. அந்த நடையை நினைத்து ஏங்கிய ஒருவரையும் நாம் கேள்விப்பட்டதில்லை.

அப்படியென்றால் வேறுபாடு எங்கே? வழியில் இருக்கிறது என்பது என் எண்ணம். வெல்லவாயவைத் தாண்டியதும் சிங்களக் கிராமங்கள். வாசலில் வாளி நிறையத் தண்ணீர் வைத்திருப்பார்கள். நாம் "அரோகரா" என்றால் அவர்கள் "ஹரோ ஹரா" என்பார்கள். பெயர் கேட்பதில்லை, எந்தத் தோட்டம் என்று கேட்பதில்லை. குடித்துவிட்டுச் செம்பைக் கவிழ்த்து வைத்து நடந்துவிடுகிறோம். அந்த அம்மாவை இனிப் பார்க்கப் போவதில்லை, பார்த்தாலும் அடையாளம் தெரியாது. நாளாந்தம் கொழுந்தை நிறுத்துப் பேர் போட்டுக் கூலி வாங்கும் நமக்கு, நிறுக்காமல் ஒருவர் கொடுத்தது பழக்கமில்லாத விடயம். நன்றி சொல்ல மனம் நிறைய இருக்கிறது, சொல்வதற்கு ஆள் இல்லை. அந்த நன்றிதான் வீட்டுக்கு வந்த பின் ஏக்கமாகிக் கிடக்கிறது என்று நினைக்கிறேன்.

இதற்கு மேல் பேசப் போனால், மீரியபெத்தவில் இருந்துகொண்டு தவிர்க்க முடியாத கேள்வி ஒன்று வரும். 2014 ஒக்டோபர் 29 காலையில் மலை சரிந்தது. லயங்களோடு கோயிலும் மண்ணுக்குள் போனது. பாடசாலைக்குப் போயிருந்ததால் தப்பிய பிள்ளைகள், திரும்பி வந்து வீடு இருந்த இடத்தைத் தேடினார்கள். பலரின் உடல் கடைசி வரை கிடைக்கவில்லை. அவர்களும் கதிர்காமத்தானைக் கையெடுத்துக் கும்பிட்டவர்கள்தானே? நடந்து போய் நேர்த்தி வைத்தவருக்கும் இப்படியென்றால் முருகனுக்கு எதற்கு நன்றி?

"எல்லாம் பூர்வ வினை" என்று அப்போது சிலர் சொன்னார்கள். பிள்ளையை மண்ணுக்குக் கொடுத்த தாயிடம் அப்படிச் சொல்வது பக்தியல்ல, கொடுமை. அந்த இடத்தில் மண்சரிவு அபாயம் உண்டென்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை வந்திருந்தது. மக்கள் அங்கிருந்து மாற்றப்படவில்லை. மனிதர் செய்யாமல் விட்டதை வினையின் கணக்கில் எழுதக் கூடாது. முருகன் கணக்கிலும் எழுதக் கூடாது. அவருக்கு நாம் சொல்லும் நன்றி காவலுக்குக் கொடுக்கும் கூலியாக இருந்தால், அன்று காலையோடு அது முடிந்திருக்க வேண்டும். இழந்தவர்களில் சிலர் மறுபடியும் ஆடியில் நடந்தால், அவர்கள் எதற்காக நடக்கிறார்கள் என்று நாம் விசாரிக்கத் தேவையில்லை. நடக்காமல் விட்டவரையும், கோயில் வாசலுக்கே வராமல் இருப்பவரையும் குறை சொல்லத் தேவையில்லை. நன்றி சொல்லும்படி எவரும் எவரையும் வற்புறுத்த முடியாது.

ஆனால் ஒன்று சொல்லலாம். அந்த மழை நாட்களில் உறவினரை இழந்து பாடசாலைக் கட்டடங்களில் தங்கியிருந்தவர்களுக்கு, நாட்டின் பல பக்கங்களிலிருந்தும் லொறிகளில் சோற்றுப் பார்சல், தண்ணீர்ப் போத்தல், போர்வை, பிள்ளைகளுக்கு உடுப்பு என்று வந்துகொண்டே இருந்தன. கொண்டுவந்தவர்களில் தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள் எல்லோரும் இருந்தார்கள். வழியில் நடந்துகொண்டிருந்தவர் இம்முறை எமது ஆட்கள் அல்ல, அவ்வளவுதான். இறக்கி வைத்துவிட்டுப் பெயர் சொல்லாமலே திரும்பிப் போனார்கள். அந்தச் சோற்றைக் கட்டிய கைகளை இங்கே எவரும் பார்த்ததில்லை.